முப்புள்ளி வைப்பதில் சில சந்தேகங்கள், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தெரிந்தவர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்புக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், கதைகளைவிட புள்ளிகள்தான் படுத்துகின்றன. "நான் வந்து....." என்று ஓரிடத்தில் ஐந்து, "சரி.. பார்க்கலாம்" என்று இன்னோரிடத்தில் இரண்டு, மனுஷன் கை போன போக்கில் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் மூன்றாக்கிவிட்டேன், அதில் குழப்பமில்லை.

பேச்சு தானாகத் தேய்ந்து நின்றால் முப்புள்ளி, அடுத்தவர் குறுக்கே புகுந்து வெட்டினால் கோடு என்று ஆங்கிலப் பதிப்பாளர்கள் பிரிப்பார்கள். தமிழில் யாராவது இதைக் கடைப்பிடிக்கிறீர்களா, இல்லை இரண்டுக்கும் புள்ளிதானா? "அவள் வராவிட்டால்…?" என்று கேள்விக்குறி சேரும்போது நடுவில் இடைவெளி விடுவீர்களா? மேற்கோளில் நாம் சொற்களை விட்டதற்கு வைக்கும் புள்ளியும் மூலத்திலேயே இருக்கும் புள்ளியும் ஒன்றுபோல் தெரிவது தனித் தலைவலி, நம்முடையதை மட்டும் சதுர அடைப்புக்குள் போடலாமென்று நினைக்கிறேன்.

அப்புறம், வேர்டில் அடித்தவை தானாகவே ஒற்றைக் குறியாக மாறியிருக்கின்றன, செல்பேசியில் அடித்தவை தனித்தனி மூன்று புள்ளிகளாகவே நிற்கின்றன. யூனிகோடில் இதற்கென்றே ஒரு குறி இருப்பதால் எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடலாமா, இல்லை தமிழ் எழுத்துருவில் புள்ளிகள் நெருங்கி அசிங்கமாகத் தெரியுமா? புத்தகம் அச்சுக்கு அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.