மகனுக்கு டிக்ஸ்: மொபைல் நேரத்தைக் குறைத்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் சில மாதங்களாகக் கண்ணைப் படபடவென்று சிமிட்டுகிறான், தோளைக் குலுக்குகிறான். அப்புறம் தொண்டையைச் செருமுவதும் சேர்ந்துகொண்டது. கண்ணில் குறையில்லை. குழந்தை நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது டிக்ஸ் (அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவுகளும் ஒலிகளும்), 10 முதல் 12 வயதுவாக்கில் கூடலாம், பிறகு பல பிள்ளைகளுக்குத் தணிந்துவிடும் என்றார்.

வீட்டுப் பெரியவர்கள் மொபைலைத்தான் திட்டுகிறார்கள். மொபைல்தான் காரணம் என்று மருத்துவத்தில் உறுதியாகவில்லை. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் தூக்கக் குறைவும் பதற்றமும் டிக்ஸைக் கூட்டும். இரவு வெகுநேரம் கேம் ஆடினால் மறுநாள் அவனுக்கு அதிகமாகிறது. அது திரையாலா, தூக்கம் கெட்டதாலா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"சிமிட்டாதே" என்று யாராவது அதட்டினால் இன்னும் கூடுகிறது. தும்மலுக்கு முன் மூக்கில் ஓர் உறுத்தல் வருமே, அப்படி ஒன்று வந்துதான் செய்கிறான். பாவம், அவன் வேண்டுமென்று செய்வதில்லை.

திரை நேரத்தைக் குறைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: முழுவதும் நிறுத்தினீர்களா, இரவில் மட்டுமா? மாற்றம் தெரிய எவ்வளவு காலம் ஆனது? உறுத்தல் வரும்போதே எதிரான ஓர் அசைவைப் பழக்கும் ஹாபிட் ரிவர்சல் பயிற்சியை மதுரை, திருச்சி பக்கம் தரும் உளவியலாளர்கள் இருக்கிறார்களா? வகுப்பு ஆசிரியரிடம் இதை எப்படிப் புரியவைத்தீர்கள்? மருந்துப் பெயர்கள் மட்டும் வேண்டாம், அதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.