இதயச் செயலிழப்பு உள்ளவரின் அன்றாடப் பராமரிப்புக்குக் கைபேசி விளையாட்டு உதவுமா?

கேள்வி – கடிகாரமுள்

வணக்கம். என் தந்தைக்கு 68 வயது. இதயச் செயலிழப்புக்காக (இதயம் உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்க முடியாத நிலை) மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சில வாரங்களுக்கு முன்புதான் வீடு திரும்பினார். தினமும் காலையில் எடை பார்த்துக் குறிக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், குடிக்கும் நீர் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது, மாத்திரைகளை வேளை தவறாமல் போட வேண்டும், முடிந்த மட்டும் நடக்க வேண்டும் என்று ஒரு கையேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இப்போது எடைக் குறிப்பேட்டில் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன. நாங்கள் நினைவூட்டினால் அவருக்குக் கோபம் வருகிறது. அதே மனிதர், கைபேசியில் சீட்டாட்டச் செயலி நாள்தோறும் தரும் இலவசப் புள்ளிகளை ஒரு நாள்கூடத் தவற விடுவதில்லை.

இதயநோயாளிகளுக்கென்றே விளையாட்டு வடிவில் செயலிகள் உருவாக்கப்படுவதாக அறிகிறேன். அவை உண்மையில் பயன் தருகின்றனவா, அல்லது சில நாள் வேடிக்கையோடு முடிந்துவிடுமா? தேர்ந்தெடுப்பதாக இருந்தால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – வெண்தொப்பி (இதயநோய்ப் பிரிவுச் செவிலியர்)

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விளையாட்டு ஒருவரைத் தினமும் தன்பக்கம் இழுக்குமா என்பது ஒன்று. அப்படி வந்தவர் தம் உடம்பில் நடப்பதைப் புரிந்துகொண்டு உரிய நேரத்தில் உரியதைச் செய்வாரா என்பது மற்றொன்று. நோயாளியை மருத்துவமனைக்குத் திரும்ப வராமல் காப்பது இரண்டாவதுதான்.

நாட்பட்ட நோய்களில் சுய பராமரிப்பு குறித்து பார்பரா ரீகல், டைனி யார்ஸ்மா, அன்னா ஸ்ட்ரோம்பெரி ஆகியோர் 2012இல் வகுத்த கோட்பாடு அதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. மாத்திரை, உணவு, நடை போன்ற வழக்கங்களைக் காப்பது முதற்படி; உடலின் மாற்றங்களைக் கவனிப்பது இரண்டாம் படி; கவனித்ததற்கு ஏற்பச் செயல்படுவது மூன்றாம் படி. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான செயலிகள் முதற்படியோடு நின்றுவிடுகின்றன. மாத்திரை போட்டாயிற்றா, பத்துப் புள்ளி. நடந்தாயிற்றா, இன்னொரு பத்து. ஆனால் மாலையில் காலுறையைக் கழற்றும்போது கணுக்காலில் பதிந்திருக்கும் தடம் வழக்கத்தைவிட ஆழமாக இருப்பதும், இரண்டு தலையணையில் உறங்கியவருக்கு மூன்றாவது தேவைப்படுவதும் அந்தச் செயலிகளின் கண்ணில் படுவதே இல்லை.

ஈடுபாடு என்பது சிறிய சிக்கல் அன்று. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 1653 நோயாளிகளில் ஒரு பாதியினர் தினமும் தொலைபேசி வழியாக எடையையும் அறிகுறிகளையும் தெரிவிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். மீண்டும் மருத்துவமனையில் சேர்வதும் இறப்பும் அதனால் குறையவில்லை. தெரிவிக்க வேண்டியவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் அந்த வசதியை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆறு மாத முடிவில் வாரத்துக்கு மூன்று முறையாவது தெரிவித்துக்கொண்டிருந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். விளையாட்டின் பக்கம் ஆய்வாளர்கள் பார்வையைத் திருப்பியதற்கு இப்படிப்பட்ட சலிப்பு ஒரு முக்கியக் காரணம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, எடைக்கருவியும் நடையை அளக்கும் பட்டையும் அனுப்பும் அளவுகளைக் கொண்டே கைபேசி விளையாட்டு முன்னேறும்படி ஒன்றை உருவாக்கிச் சோதித்து வருகிறது. நோயாளி எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை; எடைக்கருவியில் ஏறி நிற்பதே ஆட்டத்தில் அவருடைய நகர்வாகிவிடுகிறது. இந்தத் திசை சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உயிரிழப்பைக் குறைக்கும் என்று சொல்லும் அளவுக்கு இத்துறையில் சான்று இன்னும் சேரவில்லை. ஆகவே விளையாட்டு மருத்துவரின் கண்காணிப்புக்கு மாற்று என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பதில் – பகடைக்காய் (விளையாட்டு வடிவமைப்பாளர்)

வடிவமைக்கும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களையும் இசையையும் பார்க்காதீர்கள். எதற்குப் புள்ளி கொடுக்கிறது என்று பாருங்கள். உடல் இளைக்க விரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்ட செயலி, எடை குறைந்தால் பாராட்டும். கூடினால் முகம் சுளிக்கும். அதை இதயச் செயலிழப்பு உள்ளவரிடம் கொடுத்தால் விபரீதம். இங்கே திடீரென ஏறும் எடை கொழுப்பு அல்ல, தேங்கும் நீர். இறங்கும் எடையும் எப்போதும் நல்ல செய்தியாக இருப்பதில்லை. தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர்மாத்திரை அளவுக்கு மேல் வேலை செய்து உடல் வறண்டிருக்கலாம், நோய் முற்றித் தசை கரைந்துகொண்டிருக்கலாம். எண் குறைந்தால் புள்ளி என்று வைத்துவிட்டால் மனிதர்கள் எண்ணைத்தான் குறைப்பார்கள்: காலை உணவைத் தவிர்ப்பார்கள், எடை கூடிய நாளில் கருவியின் பக்கமே போகமாட்டார்கள், சிலர் தாமாகவே இன்னொரு நீர்மாத்திரையை விழுங்குவார்கள்.

எனவே எண் எதுவாக இருந்தாலும் எடை பார்த்ததற்கே புள்ளி தர வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போய், எடை ஏறியதைக் கண்ட அன்றே மருத்துவக் குழுவுக்குத் தெரிவித்த நோயாளிக்குத்தான் ஆட்டத்தின் மிகப் பெரிய பரிசு கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. கெட்ட செய்தியைச் சொல்பவர் தோற்றவராக உணரும் விளையாட்டு, மறைக்கப் பழக்கிவிடும்.

அடுத்தது, இடைவிடாத நாள்களின் எண்ணிக்கை. தொடர்ந்து ஆடியவரின் கணக்கு ஒரு நாள் தவறினாலும் சுழியத்துக்குத் திரும்பும் உத்தியை நாங்கள் எல்லாரும் பயன்படுத்துகிறோம். இளைஞர்களிடம் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இந்த நோயாளி கணக்கைத் தவற விடும் நாள் பெரும்பாலும் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்ந்த நாளாகவே இருக்கும். வீடு திரும்பியதும் கைபேசியைத் திறந்தால் பூச்சியம் காத்திருக்கிறது. நல்ல செயலி உடல்நலமற்ற நாள்களுக்குக் கணக்கை நிறுத்திவைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரவிடும்.

விளையாட்டால் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. அதைப் பலர் தொடுவதே இல்லை. இந்த நோயில் வினைக்கும் விளைவுக்கும் நடுவே நாள்கள் கடக்கின்றன. இன்று உண்ட உப்பு இன்றே மூச்சைத் திணறச் செய்வதில்லை; நீர் சிறிது சிறிதாகத் தேங்கி, ஓரிரு நாள் கழித்து எடையில் தெரிந்து, அதன் பின்னர் காலில் தெரிந்து, கடைசியில்தான் நுரையீரலில் தெரிகிறது. அப்போது நோயாளிக்கு அந்த உணவு நினைவில் இருப்பதில்லை. அதனால்தான் ‘உப்பு உடம்புக்கு ஆகாது’ என்ற வாக்கியம் காதில் விழுந்தும் மனத்தில் தங்குவதில்லை. விளையாட்டில் ஒரு வாரத்தை மூன்று நிமிடத்தில் ஓட்டிவிடலாம். திரையில் உள்ள பாத்திரம் உப்பு மிகுந்த உணவை உண்கிறது. இரண்டாம் நாள் எடை ஏறுகிறது. மூன்றாம் நாள் செருப்பு இறுகுகிறது. நான்காம் நாள் மாடிப்படியின் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறது. ஆடுபவர் பின்னோக்கிப் போய், எந்த நாளில் தொலைபேசியை எடுத்திருந்தால் இது நின்றிருக்கும் என்று தேடிக் கண்டுபிடிக்கிறார். கையேட்டின் பத்துப் பக்கங்களால் முடியாததை இந்த ஒரு காட்சியால் செய்ய முடியும்.

எழுத்தின் அளவு, நடுங்கும் விரலுக்கு ஏற்ற பெரிய பொத்தான்கள், ஒரு வேளைக்கு ஓரிரு நிமிடத்தில் முடியும் ஆட்டம் ஆகியவை தனியே சொல்லத் தேவையில்லாதவை. யார் முதலிடம் என்று காட்டும் பட்டியல் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

பதில் – மெதுநடை (இயன்முறை மருத்துவர்)

நடைபற்றி மட்டும் சொல்கிறேன். உடலை அசைத்து ஆடும் விளையாட்டுகளை இந்த நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். மேலே குறிப்பிடப்பட்ட யார்ஸ்மாவின் தலைமையில் ஆறு நாடுகளில் 605 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், ஒரு குழுவுக்கு உடலசைவால் ஆடும் நின்டெண்டோ வீ என்ற விளையாட்டுக் கருவியைக் கொடுத்து வீட்டில் ஆடச் சொன்னார்கள். மற்றக் குழுவுக்கு உடற்பயிற்சி செய்ய ஊக்கமூட்டும் ஆலோசனை மட்டும். மூன்று மாத முடிவில் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆடுவது பாதுகாப்பானது என்பது உறுதியாயிற்று. ஏமாற்றமான முடிவுதான், ஆனால் ஒப்பிடப்பட்ட குழுவும் சும்மா இருக்கவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உங்கள் தந்தைக்கு நடை எண்ணிக்கையை ஒட்டிய விளையாட்டு எதையாவது கொடுத்தால், இலக்கு நாளுக்கு நாள் தானாக ஏறும் வசதியை நிறுத்திவையுங்கள். நோய் தணிந்தும் கூடியும் வரும் இயல்புடையது. நீர் தேங்கிய வாரத்தில் நேற்றைவிட அதிகம் நடக்கச் சொல்வது தவறான கட்டளை. நாடித்துடிப்பை இலக்காக வைக்கும் ஆட்டங்களையும் தவிர்க்கலாம். அவை பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை வைத்துக் கணக்கிடுகின்றன. இந்த நோய்க்குப் பெரும்பாலோருக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பைக் குறைத்து வைப்பதால், அவர் மூச்சிரைக்க நடந்தாலும் கருவி ‘இன்னும் வேகமாக’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பது எந்தக் கைப்பட்டையையும்விட நம்பத்தக்கது.

பதில் – பழைய குறிப்பேடு

எல்லாம் சரி. நாட்காட்டியும் பேனாவும் செய்யாத எதை இது செய்துவிடப் போகிறது? 2017இல் அமெரிக்கக் குடும்பங்களிடையே நடந்த ஓர் ஆய்வில், 12 வாரம் புள்ளிகளோடு ஆடியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் நடந்தார்கள்; ஆட்டம் நின்ற பிறகு அந்த வேறுபாடு குறைந்தது. அவர்கள் இதய நோயாளிகளும் அல்லர். பரிசு நின்றால் பழக்கமும் தேயும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

கடிகாரமுள்

அனைவருக்கும் நன்றி. புள்ளி எதற்குத் தரப்படுகிறது என்று பார்க்கும் எண்ணமே எனக்கு வந்திருக்காது. இரண்டு ஐயங்கள். செயலியோடு இணையும் எடைக்கருவி ஒன்றை வாங்கலாம் என்று இருக்கிறேன். தந்தைக்கு நெஞ்சில் ஐ.சி.டி. (ஆபத்தான இதயத்துடிப்பை மின்னதிர்வு கொடுத்துச் சீராக்கும் கருவி) பொருத்தியிருக்கிறார்கள், இதனால் தொல்லை உண்டா? மேலும், எடை எவ்வளவு ஏறினால் செயலி எச்சரிக்க வேண்டும்?

பதில் – வெண்தொப்பி

முதலில் கருவி. எடையோடு கொழுப்பு, தசை அளவுகளையும் காட்டும் கருவிகள் வெறுங்காலின் வழியே சிறு மின்னோட்டத்தைச் செலுத்தி அளக்கின்றன. பேஸ்மேக்கர், ஐ.சி.டி. உள்ளவர்கள் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். எடையை மட்டும் காட்டி ப்ளூடூத் வழியாக அனுப்பும் சாதாரணக் கருவியே போதும். கைபேசியைச் சட்டைப்பையில், ஐ.சி.டி. உள்ள பக்கத்தில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஆடும்போது குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும்.

எச்சரிக்கை அளவைப் பொறுத்தவரை, மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எதிர்பாராமல் ஏறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் வழிகாட்டுதல். உங்கள் தந்தைக்கு வேறு அளவு பொருந்தலாம். அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுக்கும் எண்ணையே செயலியில் பதியுங்கள், மாற்ற இடம் தராத செயலியை விட்டுவிடுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில் பார்த்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். எடை ஏறாவிட்டாலும் மூச்சுத்திணறல் கூடினால் காத்திருக்கக் கூடாது என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

உப்பைப் பதிவு செய்யும் ஆட்டமாக இருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். உணவுப் பொட்டலங்களில் பெரும்பாலும் சோடியத்தின் அளவே அச்சாகியிருக்கும். ஒரு கிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு. நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்பைத் தாண்ட வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டவர் அதே ஐந்தைச் சோடியமாக எண்ணிக்கொண்டால் இரண்டரை மடங்கு உண்டுவிடுவார். செயலி இரண்டையும் குழப்பாமல் காட்டுகிறதா என்று, ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுத்து நீங்களே ஒரு முறை பதிந்து பார்த்துவிட்டு அவர் கையில் கொடுங்கள்.