மருந்தடிப்பவருக்கு வரும் மனச்சோர்வு: கடனாலா, மருந்தாலா?

பூம்பாறை மகள்:
அப்பா 20 வருடமாகக் கேரட்டுக்கும் உருளைக்கும் மருந்தடிக்கிறார். முதுகு டேங்க் கசிந்து சட்டை நனைந்தாலும் கழற்ற மாட்டார். வாளியில் கையை விட்டுத்தான் கலக்குவார். இப்போது தூக்கமே இல்லை. சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறார், அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுகிறார். டாக்டர் மாத்திரை எழுதினார். என்ன வேலை என்று கேட்கவே இல்லை. மருந்துக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

மேல்மலைக்காரன்:
அப்பா தேறி வரட்டும், தங்கச்சி. ஆனால் விதைக்கிழங்குக்கு வாங்கிய வட்டிக் கடன் யாரைத் தூங்க விடும்? மேகம் இறங்கினால் உருளை கருகிவிடும். அதற்கு அடிப்பது மேங்கோசெப். அது பூஞ்சைக்கு, நரம்புக்கு ஒன்றும் செய்யாது.

கீழ்மலை நர்ஸ்:
கடனை நான் மறுக்கவில்லை அண்ணே. பூச்சிக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸைப் பாருங்கள். நரம்புகள் சேதி கடத்த அசிட்டைல்கோலின் சுரக்கும். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை உடைக்க வேண்டும். மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. சேதி நிற்காமல் ஓடிப் பூச்சி சாகிறது. நம் உடம்பிலும் அதே நொதிதான். அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா விவசாயிகளை 1993 முதல் கவனித்துவரும் ஆய்வில், மருந்து நச்சாகி அவதிப்பட்டவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. மேங்கோசெப்பிலும் மாங்கனீசு உண்டு. மாங்கனீசுத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு முதலில் எரிச்சலும் மனக்குழப்பமும், பிறகு விறைத்த நடையும் வந்தன. தோட்டத்தில் அந்த அளவு இருக்காது. ஆனால் ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட முடியாது.

மேல்மலைக்காரன்:
மனம் சோர்ந்தவன் கவனமில்லாமல் அடித்து நச்சை ஏற்றிக்கொண்டிருக்கலாமே? எது முன்னால் வந்தது? எல்லாப் பழியையும் மருந்து மேல் போட்டால் வட்டிக்காரனும் மண்டிக்காரனும் தப்பித்துவிடுவார்கள். எனக்கு அதுதான் கோபம்.

கீழ்மலை நர்ஸ்:
நியாயமான கேள்வி. அதனால்தான் ரத்தத்தில் பார்க்கச் சொல்கிறேன். அந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கோலினெஸ்டரேஸ் பரிசோதனை. அளவு ஆளுக்கு ஆள் மாறும், அவரவர் பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். கலிஃபோர்னியாவில் அது 20 விழுக்காடு இறங்கினாலே வேலை வாங்குபவர் மருந்தடிக்கும் முறையைச் சோதிக்க வேண்டும். கடன் அந்த எண்ணை இறக்காது அண்ணே.

பூம்பாறை மகள்:
அப்பாவுக்குப் பழைய அளவே இல்லையே?

கீழ்மலை நர்ஸ்:
இப்போது ஒன்று எடுங்கள். மூன்று நான்கு மாதம் டேங்கைத் தொடாமல் இருந்த பிறகு இன்னொன்று. நன்றாக ஏறியிருந்தால், இப்போது இறங்கிக் கிடந்தது என்று அர்த்தம். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மேல்மலைக்காரன்:
கடன்தான் முதல் காரணம், அதில் நான் மாறவில்லை. ஆனால் நானும் கையை விட்டுத்தான் கலக்குகிறேன். அந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

கீழ்மலை நர்ஸ்:
வேண்டாம் அண்ணே, சாப்பிட்டே போகலாம். மருந்தடித்த சட்டையோடு மட்டும் போகாதீர்கள். குளித்துவிட்டுப் போங்கள்.