காட்ஃபாதர் நாவல் இன்னும் நம்மள விடமாட்டேங்குதே, ஏன்?

நள்ளிரவு வாசகன்:

படத்த எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. நாவல இப்பதான் கையில எடுத்தேன், மரியோ பூசோ எழுதினது, 1969ல வந்தது. பாதிக்கு மேல வந்தாச்சு. ராத்திரி எடுத்தா கீழ வைக்க மனசே வரல. ஆனா படிக்கப் படிக்க ஒரு கேள்வி உள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. இந்த கார்லியோனி குடும்பம் நியூயார்க் மாஃபியா கூட்டம், கொலைகாரங்க. சூதாட்டம், லஞ்சம், ஆள் வச்சு மிரட்டறது, இதுதான் பொழப்பு. அப்படி இருந்தும் குடும்பத் தலைவர் டான் கார்லியோனிய தெருவுல வச்சு சுடறப்போ எனக்கு பதறிடுச்சு, நம்ம வீட்டு பெரியவருக்கு ஏதோ ஆயிட்ட மாதிரி.

படத்தால ஓடின புத்தகம்னு சிலர் சொல்றாங்க, அது சரியில்ல. படம் 1972ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் லிஸ்ட்ல 67 வாரம் இருந்திருக்கு இந்த நாவல். அப்போ எழுத்துலயே ஏதோ இருக்கு. அது என்னன்னு படிச்சவங்க சொல்லுங்க. இன்னொன்னு, பாடகன் ஜானி ஃபான்டேனோட ஹாலிவுட் பகுதி வந்தா வேகம் அப்படியே படுத்துடுது, அத தாண்டிப் போயிடலாமா? முடிவெல்லாம் தெரியும், அதனால ஸ்பாய்லர் பத்தி கவலைப்படாம எழுதுங்க.

தேரடித்தெரு:

என்னைக் கேட்டா முதல் பக்கத்துலயே பாதி பதில் இருக்கு ப்ரோ. நாவல் ஆரம்பிக்கிறது துப்பாக்கியில இல்ல, கோர்ட்ல. அமெரிகோ போனசேரா, பிணங்கள குளிப்பாட்டி அலங்காரம் பண்ணி அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ற தொழில் பண்றவர், நியூயார்க் கிரிமினல் கோர்ட்ல நீதிக்காக உக்காந்திருக்கார். அவர் பொண்ண ரெண்டு பசங்க அடிச்சு முகத்தையே உடைச்சிருக்காங்க. ஜட்ஜ் தண்டனைன்னு ஒன்னு சொல்லிட்டு அதையும் நிறுத்தி வச்சு பசங்கள வீட்டுக்கு அனுப்பிடறார். பசங்க சிரிச்சுக்கிட்டே வெளிய போறாங்க. அமெரிக்காவ அவ்ளோ நம்பின மனுஷன் பொண்டாட்டிகிட்ட சொல்றார், நியாயம் வேணும்னா டான் கார்லியோனி கால்லதான் போய் விழணும்னு. டான் இன்னும் கதைக்குள்ள வரவே இல்ல, அதுக்குள்ள நாம அவர் கட்சி ஆயாச்சு. அதுதான் பூசோவோட கைத்திறன், முதல்ல நம்மகிட்ட ஒரு அநியாயத்த காட்டறார், அதுக்கு அப்புறம்தான் அதத் தீர்த்து வைக்கிற ஆள காட்டறார்.

ஆனா நான் இந்தப் புத்தகத்துக்குத் திரும்பத் திரும்ப வர்றது அதுக்காக மட்டும் இல்ல. டான் ஆள் விட்டு அந்தப் பசங்கள அடிக்க வைக்கிறார், அந்த உதவிக்கான கடன் எப்படி வசூல் ஆகுதுன்னு பாருங்க. தன் மக கல்யாணத்தன்னைக்கு டான் போனசேராகிட்ட சொல்றார், என்னைக்காவது ஒரு நாள் உன்கிட்ட ஒரு உதவி கேப்பேன், அந்த நாள் வராமலேயும் போகலாம்னு. போனசேரா சந்தோஷமா போயிடறார். ரொம்ப நாள் கழிச்சு ஒரு ராத்திரி டானோட ஆலோசகர் ஹேகன்கிட்டேருந்து போன், டான் உங்க இடத்துக்கு வர்றார், தயாரா இருங்கன்னு. படத்துல இது சட்டுனு முடிஞ்சுடும். நாவல்ல அந்த மனுஷன் படற பாடு இருக்கே. யார் பிணத்த கொண்டு வரப் போறாங்களோ, கொலைய மறைக்க நம்மள கூட்டு சேக்கப் போறாங்களோ, மாட்டினா ஜெயில்தான், குடும்பம் என்ன ஆகும், பொண்ணு என்ன ஆவான்னு பயந்து நடுங்கிக்கிட்டே கிளம்பறார், டான்கிட்ட போன அந்த நாளையே மனசுக்குள்ள சபிக்கிறார். வந்தது டானோட மூத்த மகன் சன்னியோட உடம்பு. இவன் அம்மா இவன இந்தக் கோலத்துல பாக்கக்கூடாதுன்னு ஒரு அப்பன் வந்து நிக்கிறார். அவ்ளோதான் கேட்ட உதவி. அந்த இடத்துல நமக்கு டான் மேல பரிதாபம் வருது, அதே நேரம் போனசேரா இத்தனை நாளா ஒரு கயித்துல கட்டுண்டு கிடந்தார்ங்கறதும் புரியுது. நம்மள மயக்கறதும் கயித்தோட இன்னொரு முனைய காட்டறதும் ஒரே காட்சியில நடக்குது.

அப்புறம் அந்த "பெர்சனல் இல்ல, வெறும் பிசினஸ்" வசனம். படத்துல, டான சுட ஆள் அனுப்பின சொல்லோஸோவ சுடப் போறதுக்கு முன்னாடி டானோட கடைசி மகன் மைக்கேல் அண்ணன் சன்னிகிட்ட சொல்றது, உலகம் பூரா மேனேஜ்மென்ட் ஆளுங்க வேத வாக்கு மாதிரி சொல்லிட்டு திரியறாங்க. நாவல்ல அதே கட்டத்துல மைக்கேல் ஹேகன்கிட்ட பேசறது நேர் எதிரா இருக்கும், எல்லாமே பெர்சனல்தான், பிசினஸ்ங்கறது வெளிய சொல்லிக்கிற பேரு, எங்கப்பா தன் ஆளு தலையில இடி விழுந்தாகூட அத தனக்கு நடந்ததா எடுத்துப்பார், அதனாலதான் அவர் பெரிய மனுஷன்னு. மைக்கேல பத்தின மொத்த நாவலும் இந்த ஒரு பேச்சுல இருக்குன்னு எனக்குத் தோணும். அவன் வெளிய அமைதியா இருக்கறது உணர்ச்சி இல்லாததால இல்ல, எதையும் மறக்காததால.

செங்காந்தள்:

போனசேரா பத்தி சொன்னது ரொம்ப சரி. நான் மைக்கேலோட பொண்டாட்டி கே பத்தி சொல்றேன், யாரும் அவள கண்டுக்கறதே இல்ல.

படம் எப்படி முடியும்? தங்கச்சி புருஷன் கார்லோவ நான் கொல்லலன்னு மைக்கேல் பொய் சொல்றான், ரூம் கதவு அவ முகத்துக்கு முன்னாடி சாத்தப்படுது. பிரமாதமான முடிவுதான். ஆனா நாவல் அங்க முடியல. கே பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கற அம்மா வீட்டுக்குப் போயிடறா. ஹேகன் அங்க தேடிப் போய் பேசறான், கார்லோவையும், குடும்பத்துக்குத் துரோகம் பண்ண தளபதி டெஸ்ஸியோவையும் ஏன் விட முடியாதுன்னு விளக்கறான், துரோகம் பண்ணவன நாம மன்னிச்சாலும் அவன் தன்னையே மன்னிக்க மாட்டான், அவனால குடும்பத்துக்கே எப்பவும் ஆபத்துங்கற மாதிரி. கே திரும்பி வர்றா. கத்தோலிக்கத்துக்கு மாறறா. தினமும் காலைல மாமியார் கூட சர்ச்சுக்குப் போறா. கடைசி வரியில அவ மைக்கேல் கார்லியோனியோட ஆத்மாவுக்காக ஜெபம் பண்றா.

இது எவ்ளோ பயங்கரமான முடிவு தெரியுமா. ஏன்னா அந்த மாமியார் அதே ஜெபத்ததான் தன் புருஷனுக்காக ஆயுசு பூரா பண்ணிக்கிட்டிருந்தாங்க, அவர் கீழ போயிடக்கூடாதுன்னு. படிச்ச பொண்ணு, கேள்வி கேட்ட பொண்ணு, நேரா அந்த அம்மாவோட இடத்துல போய் முழங்கால் போடறா. டான் பதவி அப்பாகிட்டேருந்து பையனுக்குப் போறத எல்லாரும் பேசறாங்க, மாமியார்கிட்டேருந்து மருமகளுக்கு ஒன்னு போகுதே அத யார் பேசறாங்க? இந்த நாவல ஆம்பளைங்க வீரக்கதைன்னு நினைச்சு படிக்கறவங்க கடைசி அத்தியாயத்த இன்னொரு தடவ படிக்கணும்.

இதுல பெண்கள் பாத்திரம் எல்லாமே நல்லா வந்திருக்குன்னு நான் சொல்லல. சன்னியோட காதலி லூசி மன்சினி லாஸ் வேகஸ் போற பகுதி எனக்கு எரிச்சலாதான் இருந்துச்சு, அந்தப் பொண்ண ஒரு உடம்பா மட்டும் வச்சு இத்தனை பக்கம் எதுக்குன்னு.

கரிசல்:

எல்லாரும் ரசிச்சு எழுதறீங்க, நல்லாதான் இருக்கு, ஆனா எனக்கு ஒரு நெருடல் இருக்கு, அத சொல்லியே ஆகணும். கார்லியோனிங்கறது கற்பனைப் பேரு இல்ல, சிசிலில பலேர்மோவுக்குத் தெக்க இருக்கற நிஜமான ஊர். சொல்லோஸோவ சுட்டுட்டு மைக்கேல் நாவல்ல சிசிலில ஒளிஞ்சு திரியற அதே காலகட்டம், 1948ல, அந்த ஊர்ல பிளாசிடோ ரிஸோட்டோன்னு ஒரு தொழிற்சங்கத் தலைவர, நிலமில்லாத விவசாயிங்களுக்கு தரிசு நிலத்த வாங்கித் தர போராடினவர, மாஃபியா கடத்திட்டுப் போய் கொன்னு பாறைப் பிளவுல போட்டுச்சு. எலும்புகள டிஎன்ஏ வச்சு அவரோடதுதான்னு உறுதி பண்ணது 2012ல. அப்போ ஊர் மாஃபியா தலைவர் யாருன்னா மிக்கேலே நவார்ரான்னு ஒரு டாக்டர். அதுக்கு முந்தின வருஷம் மே 1, அதே சிசிலில போர்டெல்லா டெல்லா ஜினெஸ்ட்ராங்கற இடத்துல மே தின கூட்டத்துல குடும்பம் குட்டியோட கூடியிருந்த ஜனங்க மேல சுட்டு 11 பேர் செத்தாங்க. அதே கார்லியோனிலேருந்து வந்த மாஃபியா தலைவன் ரீனாவோட ஆளுங்கதான் 1992ல நீதிபதிங்க ஃபல்கோனே, போர்செலினோ ரெண்டு பேரையும் ரெண்டு மாசத்துக்குள்ள குண்டு வச்சு கொன்னது.

நிஜ மாஃபியா ஏழைக்கு நியாயம் வாங்கித் தரல, ஏழை நியாயம் கேட்டா சுட்டுச்சு. நாவல்ல டான் ஒரு விதவைக்காக வீட்டுக்காரன்கிட்ட பேசி வாடகைய குறைச்சுத் தர்றார், நாம உருகிடறோம். டான் ஆளுங்களுக்கு மாமூல் குடுக்கற கடைக்காரன் வீட்டுக்குள்ள பூசோ நம்மள ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போறாரா? இந்தப் புத்தகத்தோட கவர்ச்சியே அந்த வீட்ட மறைச்சு வச்சதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

தேரடித்தெரு:

கரிசல் சார், ரிஸோட்டோ விஷயம் இந்தத் திரியில வந்தது ரொம்ப நல்லது. உங்க கோபம் நியாயம், மாமூல் கடைக்காரன் வீடு நாவல்ல இல்லைங்கறதும் உண்மை. ஆனா நீங்க சொல்ற சிசிலி நாவலுக்குள்ளயே இருக்கு, படம்தான் அத எடுத்துடுச்சு. மைக்கேல் ஒளிஞ்சிருக்கற வீட்ல டாக்டர் தாஸான்னு ஒரு கிழவர் வர்றார், அவர் கிட்ட மைக்கேல் மாஃபியா வரலாறு பூரா கேக்கறான். ஒரு காலத்துல நிலச்சுவான்தார்கிட்டேருந்தும் அரசாங்கத்துகிட்டேருந்தும் ஜனங்க ஓடி ஒளிஞ்ச இடம், இன்னைக்கு பணக்காரனோட அடியாளா ஆயிடுச்சு, எல்லா தொழில் மேலயும் தன் வரிய போட்டு உறிஞ்சுதுன்னு பூசோ நேராவே எழுதறார். இந்த விதைய அமெரிக்காவுல விட்டா அந்த நாடும் இப்படி பாழாயிடும்னு மைக்கேலுக்கு அங்க உறைக்குது. உறைச்சும் அவன் திரும்பிப் போய் அதே நாற்காலில உக்காந்தான்.

அதே பகுதில ஃபிலோமினான்னு வயசான மருத்துவச்சி ஒருத்தி டானோட கொலையாளி லூக்கா ப்ராசி கதைய சொல்லுவா. அவனுக்குப் பொறந்த பச்சைக் குழந்தைய அவன் எரியற அடுப்புல போட வச்ச கதை. அத படிச்சுட்டு என்னால அன்னைக்கு மேல படிக்க முடியல. அதுல முக்கியமான விஷயம் டானுக்கு இது தெரியும், தெரிஞ்ச பிறகும் லூக்காவ கூட வச்சுக்கிட்டார், உபயோகப்படுத்தினார். கல்யாண வீட்ல கைய பிசைஞ்சுக்கிட்டு வாழ்த்து சொல்ல வந்து தடுமாறுவானே, நாம பாவம்னு நினைச்சோமே, அந்த லூக்கா. பூசோ இத நானூறு பக்கமெல்லாம் திட்டல, நடுவுல ஒரு கிழவி வாயில வச்சுட்டு நகர்ந்துடறார். அவசரமா படிக்கறவன் தாண்டிப் போயிடறான், அது வாசகன் தப்பா எழுத்தாளன் தப்பான்னு நீங்க கேக்கலாம், ரெண்டு பேருக்கும் பங்கு இருக்குன்னுதான் நான் சொல்லுவேன்.

பழையபுத்தகம்:

தம்பிகளா, எழுதின ஆள பத்தி யாரும் பேசலையே. பூசோ மன்ஹாட்டன்ல ஹெல்ஸ் கிச்சன்ங்கற ஏழைத் தெருக்கள்ல பொறந்து வளந்தவர், 1920ல பொறந்தார். அப்பா அம்மா ரெண்டு பேரும் இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கத்துலேருந்து வந்தவங்க, சிசிலிக்காரங்க இல்ல. முதல் ரெண்டு நாவலுக்கும் நல்ல விமர்சனம், கையில காசு இல்ல. ரெண்டாவது நாவல் தி ஃபார்ச்சுனேட் பில்கிரிம், அதுதான் தன்னோட சிறந்த புத்தகம்னு கடைசி வரைக்கும் சொன்னார். அதுல மாஃபியா சங்கதி இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா வித்திருக்கும்னு ஒரு எடிட்டர் சொன்னாராம். அப்போ பூசோவுக்கு வயசு 45, சொந்தக்காரங்களுக்கும் வட்டிக்காரங்களுக்கும் சூதாட்டத்துலயும் சேர்ந்து 20,000 டாலர் கடன், அஞ்சு பிள்ளைங்க. சரி எழுதறேன்னு உக்காந்தார். பதிப்பாளர் குடுத்த முன்பணம் 5,000 டாலர். பேப்பர்பேக் உரிமை மட்டும் பின்னாடி 4,10,000 டாலருக்குப் போச்சு. நிஜ மாஃபியாக்காரன் ஒருத்தனக்கூட தெரியாது, எல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்னு அவரே ஒத்துக்கிட்டார். இத என் திறமைக்குக் கீழதான் எழுதினேன்னும் சொன்னார்.

அப்போ அந்தக் குரல் எங்கேருந்து வந்துச்சு? டான் வாய் திறந்தாலே என் அம்மா குரல்தான் எனக்குள்ள கேட்டுச்சுன்னு பின்னாடி எழுதினார். அந்த விவேகம், அந்த இரக்கமில்லாமை, குடும்பத்து மேல இருக்கற அந்தப் பிடி, எல்லாம் அவளுடையதுதான்னு. புருஷன் துணை இல்லாம அத்தனை பிள்ளைங்கள ஏழைத் தெருவுல வளத்து ஆளாக்கின அம்மா. யாரோ ஒரு கொலைகாரனுக்காக நாம ஏன் பதறோம்னு நள்ளிரவு கேட்டாரு இல்ல, நீங்க பதறினது கொலைகாரனுக்காக இல்ல தம்பி. துப்பாக்கிய கையில குடுத்து, மீசைக்காரனா மாத்தி, பூசோ நம்மகிட்ட நிறுத்தினது ஒரு தாய. எந்த நாட்டுல படிச்சாலும் அந்தக் குரல் தெரிஞ்ச குரலா இருக்கறது அதனாலதான்.

ஃபார்ச்சுனேட் பில்கிரிம் கண்டிப்பா படிங்க, லூசியா சாண்டான்னு ஒரு அம்மாதான் அதுல மையம். அதுல டான் கிடையாது, பத்தாவது அவென்யூ, ரயில் தண்டவாளம், வறுமை, வளந்து கைய விட்டுப் போற பிள்ளைங்க. கரிசல் தேடற ஏழை வீடு அங்க இருக்கு.

நள்ளிரவு வாசகன்:

அம்மா குரல் விஷயம் எனக்குப் புதுசு, படிச்சதும் ரொம்ப நேரம் அதையே யோசிச்சிட்டு இருந்தேன். ரொம்ப நன்றி எல்லாருக்கும். ரிஸோட்டோ பத்தியும் தேடிப் படிக்கணும். ஜானி ஃபான்டேன் பத்தி மட்டும் யாரும் பதில் சொல்லல, நான் இன்னும் அங்கயே நிக்கிறேன்.

செங்காந்தள்:

ஃபான்டேன் பகுதிய வேகமா ஓட்டுங்க, முழுசா விடாதீங்க, நீனோ வர்ற பக்கங்கள் மட்டும் நின்னு படிங்க, கூடப் பாடின சின்ன வயசு நண்பன், குடிச்சே சாகறான், அது நல்லா இருக்கும். லூசி பகுதிய விட்டாலும் நஷ்டம் இல்ல. ஆனா ஆல்பர்ட் நேரி பத்தின அத்தியாயத்த விட்டுடாதீங்க, நேர்மையான முரட்டு போலீஸ்காரன் ஒருத்தன் எப்படி டிபார்ட்மென்டால கைவிடப்பட்டு கார்லியோனி வீட்டு வாசலுக்கு வர்றான்னு இருக்கும், படத்துல அவன் யாருன்னே தெரியாது. கடைசில எதிரி குடும்பத் தலைவன் பார்ஸினிய சுடறப்போ அவன் ஏன் போலீஸ் யூனிஃபார்ம்ல நிக்கிறான்னு அப்போதான் முழுசா விளங்கும்.