கிரிஸ்லி 700 டாப் ஸ்பீடு: 98-க்கு மேல ஏற மாட்டேங்குது, 120 வர என்ன மாத்தணும்?

ஷார்ஜா வினோத்:
எல்லாருக்கும் வணக்கம். யமஹா கிரிஸ்லி 700 குவாட் பைக் (மணல், மேடு ஓட்டற நாலு சக்கர வண்டி) ஒண்ணு செகண்ட் ஹேண்டுல எடுத்திருக்கேன். 2014 மாடல், 686 சிசி, ஃபோர் வீல் டிரைவ். டயர் கம்பெனி கொடுத்த அதே 25 இன்ச் சைஸ். பதாயர் பாலைவனத்துல மணல் மேடு ஏற குறையே சொல்ல முடியாது. ஆனா இறுகின தரையில ஃபுல் த்ராட்டில் கொடுத்தா ஜிபிஎஸ்ல மணிக்கு 98 கி.மீ. வந்து அப்படியே நிக்குது. ஃப்ரெண்டோட யமஹா ராப்டர் 700 குவாட் சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போகுது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எஞ்சின்தானே? 27 இன்ச் டயர், லைட் ரோலர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், மூணும் போட்டா 120 தொடுமா? பட்ஜெட் 3,000 திர்ஹாம்.

அபுதாபி கார்த்தி:
சைலன்சரும் ஓப்பன் ஏர் ஃபில்டரும் போடுங்க ப்ரோ, மத்ததெல்லாம் அப்புறம். சவுண்டே தனி.

கீழக்கரை மெக்கானிக்:
சவுண்டு வரும் கார்த்தி, ஸ்பீடு வராது.

வினோத் தம்பி, நான் இங்க குவாட் வாடகைக்கு விடற ஷெட்டுல வேலை பாக்குறேன். ஊர்ல ஸ்கூட்டர் மெக்கானிக்கா இருந்தேன். ஆக்டிவாவுல இருக்கற அதே வேரியேட்டர் சமாச்சாரம்தான் உங்க கிரிஸ்லியிலயும், அதாவது கியருக்குப் பதிலா பெல்ட்டும் புல்லியும், சுத்து ஏற ஏற புல்லிக்குள்ள இருக்கற ரோலர் அதை மூடி பெல்ட்டை விளிம்புப் பக்கம் ஏத்தும். என்ன, பெல்ட்டு மொத்தமா இருக்கும். அதனால மொதல்ல ராப்டரோட போட்டி போடறத விடுங்க. அது டூ வீல் டிரைவ், அஞ்சு கியர், செயின். உங்க வண்டிய விட 100 கிலோவுக்கு மேல எடை கம்மி. உங்களுக்கு பெல்ட்டுல கொஞ்சம், முன் சக்கரம் ரெண்டுக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கற டிஃப்ரன்ஷியல்ல கொஞ்சம், ஷாஃப்ட்டுல கொஞ்சம்னு சக்தி வழியிலேயே போயிடுது.

120-ங்கற கணக்கையும் சொல்லிடறேன். காத்த கிழிச்சுக்கிட்டுப் போக வேண்டிய சக்தி வேகத்தோட மும்மடியில ஏறும். 98-ல இருந்து 120-க்குப் போக காத்துக்கு மட்டுமே 80 சதவீதத்துக்கு மேல கூடுதலா வேணும். ஒரு சைலன்சரும் ஃபில்டரும் அதுல எவ்வளவு தரும்னு நீங்களே யோசிங்க. 120-க்கு ஆசைப்பட்டா எஞ்சினையே பிரிக்கணும், 3,000 திர்ஹாம்ல அது முடியாது.

ஆனா 98-ங்கறது இந்த வண்டிக்குக் கம்மிதான். 105 பக்கம் வரணும். எதையும் வாங்கறதுக்கு முன்னாடி எது தடுக்குதுன்னு பாருங்க. ஃபுல் த்ராட்டில்ல 98 வந்ததும் காதைக் கொடுத்துக் கேளுங்க. எஞ்சின் விட்டு விட்டு 'பட பட'ன்னு அடிச்சா ரெவ் லிமிட்டரைத் (எஞ்சின் சுத்து ஒரு அளவுக்கு மேல போகாம தடுக்கறது) தொட்டாச்சு, கியர் விகிதம்தான் பத்தல. அப்படி அடிக்காம ஒரே சீரா முனகிக்கிட்டு நின்னா சக்தி பத்தல. இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

அப்புறம் பெல்ட் கவரைக் கழட்டுங்க. எஞ்சின் பக்கத்து புல்லி முகத்துல நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் மார்க்கர் பேனாவால ஒரு கோடு போடுங்க. கவரை மூடி, இறுகின தரையில ஒரு தடவை முழு வேகத்துல விட்டுட்டு வந்து திறந்து பாருங்க. பெல்ட் ஏறின உயரம் வரைக்கும் கோடு அழிஞ்சிருக்கும். விளிம்பு ஓரம் வரைக்கும் அழிஞ்சிருந்தா வேரியேட்டர் தன் வேலையை முழுசா பண்ணுது. அதுக்கு முன்னாடியே கோடு மிச்சமிருந்தா ஒண்ணு பெல்ட் தேஞ்சு அகலம் குறைஞ்சு உள்ள உக்காந்திருக்கு, இல்ல ரோலர் ஒரு பக்கம் தட்டையாகி மேல வரமாட்டேங்குது. மணல்ல ஓடின வண்டியில ரெண்டுமே சகஜம். பாதிப் பேர் இதைப் பாக்காமலே சைலன்சருக்குக் காசு கொட்டறாங்க.

லைட் ரோலர் நீங்க நினைக்கறதுக்கு நேர் எதிரா வேலை செய்யும். எடை கம்மியானா எஞ்சின் சுத்து கூடி பிக்கப் வரும். ஆனா புல்லியை மூடற விசை குறையறதால பெல்ட் மேல வரை ஏறாமலே நின்னுடும், டாப்பு போயிடும். மேடு ஏறத்தான் அது. டாப்புக்கு ரோலர் எடையை ஒரு துளி கூட்டிப் பாக்கலாம், எஞ்சின் இழுத்தா.

27 இன்ச் டயர் கணக்குப்படி 8 சதவீதம் அதிகம். லிமிட்டர் அடிக்கற வண்டிக்கு அது உதவும். சக்தி பத்தாத வண்டிக்கு போட்டா இருக்கற 98-ம் 92 ஆகும், பெல்ட்டும் காஞ்சு கருகும்.

ஓப்பன் ஃபில்டர் கார்த்திக்கு வேணும்னா போடட்டும். இந்த ஊர் மாவு மணல் உள்ள போனா ரிங்கு தேஞ்சு எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். நான் பிரிச்ச எஞ்சின்ல பாதி இதனாலதான். சைலன்சர் மட்டும் மாத்தி எரிபொருள் டியூன் பண்ணாம விட்டாலும் கலவை மெலிஞ்சு சூடேறும்.

முசஃபா டயர்:
மெக்கானிக் பாய் சொன்னதோட ஒண்ணு. டயர் பக்கவாட்டுல சைஸுக்குப் பக்கத்துல ஒரு எழுத்து இருக்கும், பாத்திருக்கீங்களா? அந்த டயர் தாங்கற வேகம் அது, 'எஃப்'னா மணிக்கு 80 கி.மீ., 'ஜே'னா 100, 'எம்'னா 130. ஏடிவி, அதாவது குவாட் டயர் நிறைய எஃப்-லதான் வருது. அப்படின்னா நீங்க 98 போறப்பவே டயரோட எல்லையத் தாண்டியாச்சு வினோத். 27 இன்ச்சுல சேறுக்கான டயர் எடுத்தா பெரிய பெரிய கட்டை, எடை வேற கூடும், இறுகின தரையில அதிரும். மணலுக்குக் காத்தைக் குறைச்சு வெச்ச அதே டயரோட சப்கா (இறுகின உப்புத் தரை) மேல இழுக்கறவங்களப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும். கம்பெனி சொல்ற 5 பிஎஸ்ஐ பக்கம் ஏத்திட்டு வேகம் பாருங்க.

ஷார்ஜா வினோத்:
பாய், நேத்து ராத்திரி கவரைக் கழட்டிட்டேன். லிமிட்டர் அடிக்கல, முனகிக்கிட்டுத்தான் நிக்குது. கோடு விளிம்புல இருந்து அரை செ.மீ.க்கு மேல அழியாம அப்படியே இருக்கு. ரோலர்ல மூணு தட்டையாயிருக்கு, விரல்ல தொட்டாலே தெரியுது. பெல்ட் ஓரம் பளபளன்னு இருக்கு. உள்ள இருந்த மணலை வெச்சு ஒரு வீடே கட்டலாம். டயர் எஃப்தான். ஃபோர் வீல்லயே வெச்சு இழுத்தேன், அதுவும் காரணமா இருக்குமா?

கீழக்கரை மெக்கானிக்:
கொஞ்சம் இருக்கும். இறுகின தரையில பட்டனைத் தட்டி டூ வீலுக்குப் போங்க. டிஃப் லாக் (முன் சக்கரம் ரெண்டையும் சேத்துப் பூட்டறது) மட்டும் போட்டுடாதீங்க, அதுல கம்பெனியே வேகத்தைக் கட்டிப் போட்டிருக்கான்.

ரோலர் முழு செட்டும் மாத்துங்க, தட்டையான மூணை மட்டும் மாத்தினா எடை சமமா இருக்காது. ஒரிஜினல் எடையே போதும். பெல்ட் கம்பெனி பெல்ட்டே வாங்குங்க. புல்லி முகத்தை பிரேக் கிளீனர் போட்டுத் துடைங்க, கையில ஆயில் பிசுக்கு இருந்தா தொடாதீங்க. கவர் கேஸ்கெட்டும் புதுசு போடுங்க, அங்கதான் மணல் நுழையுது. எல்லாம் சேத்தும் உங்க பட்ஜெட்டுக்குள்ளதான் வரும். புது பெல்ட்டுல முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஃபுல் த்ராட்டில் வேண்டாம். பழைய பெல்ட்டையும் கவர் கழட்டற சாவியையும் சீட்டுக்கு அடியில போட்டு வெச்சுக்கங்க, பதாயர் நடுவுல அறுந்தா வீடு வந்து சேர அது போதும்.