பானியும் பாணியும்: கடல் கடந்து வந்த படைகளை அருகிலிருந்து கண்டவர்களின் பகிர்வு

கனகராயன்குளத்திலிருந்து (வட இலங்கை):

வெளிநாடுகளுக்கு அனுப்பப்படும் படைகள் எவ்வாறு கட்டமைக்கப்படுகின்றன என்பதைப் பற்றிப் பலர் எழுதியவற்றைப் படித்தேன். அவற்றில் ஆயுதங்களைப் பற்றிய பேச்சே மிகுதி. நானோ வீதி வேலைகளில் இருபது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவன். ஒரு படை எதைச் சுமந்துகொண்டு வந்தது, எதைக் கொண்டு வராமல் வந்து இறங்கியது என்பதையே முதலில் பார்ப்பேன். இந்தப் பழக்கம் எனக்குப் பத்து வயதில் தொடங்கியது.

1988ஆம் ஆண்டு கண்டி வீதியோரத்தில் எங்கள் வீடு இருந்தது. வவுனியாப் பக்கமிருந்து மாங்குளம் நோக்கி, அமைதி காக்கும் படையாக இலங்கைக்கு வந்திருந்த இந்திய இராணுவத்தின் சக்திமான் லொறிகள் வரிசையாகச் செல்லும்போது, படலையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். அந்த லொறிகளில் கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கழுகு ஒன்று தீட்டப்பட்டிருந்தது. அது வவுனியாவைத் தளமாகக் கொண்டு வன்னிக்குப் பொறுப்பாக இருந்த 4ஆவது காலாட்படைப் பிரிவின் அடையாளம் என்பதும், அதே கழுகின் கீழ் அந்தப் பிரிவு இரண்டாம் உலகப் போரில் எகிப்தின் சிடி பரானியிலும் எரித்திரியாவின் கெரனிலும் இத்தாலியின் மொன்டே கசினோவிலும் போரிட்டது என்பதும் வளர்ந்த பின்னர்தான் எனக்குத் தெரிய வந்தன. பிறர் நாட்டில் போய் நின்று போரிடுவதில் அத்தனை பழக்கமுள்ள பிரிவு அது.

ஒருநாள் நடுப்பகலில் லொறியொன்று பழுதாகி எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்றது. இளம் சிப்பாய் ஒருவர் இறங்கி வந்து, வேலிக்கு வெளியே நின்றபடி அம்மம்மாவைப் பார்த்து “பானி, பானி” என்றார். அம்மம்மா சற்று யோசித்தார். பிறகு உள்ளே போய், பெட்டகத்துக்கு அருகில் வைத்திருந்த பனம்பாணி (பனம்பாகு) போத்தலை எடுத்து வந்து இரு கைகளாலும் நீட்டினார். சிப்பாய் அதை வாங்கி மணந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பின்னர் வாய்க்கு நேரே கையைக் குவித்துக் காட்டினார். அவருடைய மொழியில் ‘பானி’ என்றால் தண்ணீர் என்பது அப்போதுதான் புரிந்து, நான் கிணற்றடிக்கு ஓடிச் சென்று மூக்குப்பேணியில் தண்ணீர் கொண்டு வந்தேன். அவர் அண்ணாந்து குடித்துவிட்டுப் பேணியைக் கழுவித் திருப்பித் தந்தார். போகும்போது பாணிப் போத்தலையும் கொண்டு போகுமாறு அம்மம்மா சைகை காட்டினார். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் மக்கள் சந்தித்த இழப்புகள் பெரியவை. அவற்றைச் சொல்லாமல் கடந்து போவது எனக்கு எளிதன்று. ஆனால் இங்கு பேசப்படுவது படையின் அமைப்பு என்பதால் அதற்குள்ளேயே நிற்கிறேன். அந்தச் சிப்பாய்க்கும் என் அம்மம்மாவுக்கும் இடையில் மொழிபெயர்க்க ஒருவரும் இருக்கவில்லை. அது அவருடைய தவறன்று. அந்தப் படை ஒன்றுசேர்க்கப்பட்ட விதத்திலிருந்து வந்த குறை.

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனவும் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் தலைமையிலான 54ஆவது காலாட்படைப் பிரிவு பலாலியில் இறங்கத் தொடங்கியது. அமைதி காக்கவென்று வந்த அந்தப் படை ஒக்டோபரில் பவான் நடவடிக்கை என்ற பெயரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கிய பின்னரே, மற்றப் பிரிவுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன: திருகோணமலைக்கு 36ஆவது பிரிவு, மட்டக்களப்புக்கு 57ஆவது மலைப் பிரிவு, வன்னிக்கு எங்கள் வீதியில் ஓடிய கழுகுப் பிரிவு. இவற்றுக்கெல்லாம் மேலான தலைமையகம் கடலுக்கு அப்பால் சென்னையில் இருந்தது. எல்லைப் போருக்கெனப் பயிற்றப்பட்ட பிரிவுகளை, முன்பே ஒன்றாகக் கட்டிப் பழக்காமல், தேவை வந்தபோது அடுக்கிய அமைப்பு அது. போதிய புலனாய்வும் நல்ல வரைபடங்களும் இன்றியே இறங்க நேர்ந்தது என்று அதன் அதிகாரிகள் பின்னாளில் எழுதினார்கள். 1990 மார்ச் 24ஆம் திகதி கடைசித் துருப்பும் திருகோணமலையிலிருந்து கப்பலேறியபோது, அந்தப் படை ஏறத்தாழ 1,200 பேரை இழந்திருந்தது.

அமெரிக்காவின் மரைன் எக்ஸ்பெடிஷனரி யூனிட்டுகள் (கப்பலில் சென்று தரையிறங்கும் மரைன் படையின் வெளிநாட்டுப் பணி அணிகள்) இதற்கு நேர்மாறான முறையில் கட்டப்பட்டவை என்பதால்தான் எனக்கு அவற்றில் ஆர்வம். ஒரு கேணலின் கீழ் ஏறத்தாழ 2,200 பேர். தலைமைப் பகுதி, ஒரு பட்டாலியனை மையமாகக் கொண்ட தரைப் பகுதி, ஹெலிகொப்டர்களும் விமானங்களும் அடங்கிய வான் பகுதி, வழங்கல் பகுதி என நான்கும் ஒரே மூட்டைக்குள் இருக்கும். புறப்படுவதற்கு முன் ஏறத்தாழ ஆறு மாதம் இவை ஒன்றாகவே பயிற்சி பெற்று, பின்னர் மூன்று கப்பல்களில் ஏறும். வெளியிலிருந்து எதுவும் வராவிட்டாலும் 15 நாட்களுக்குத் தாக்குப்பிடிக்கும் உணவும் எரிபொருளும் வெடிபொருளும் அவர்களோடு செல்லும். இப்படி ஏழு யூனிட்டுகள் உள்ளன: மூன்று கலிபோர்னியாவில், மூன்று வட கரோலினாவில், 31ஆவது மட்டும் நிரந்தரமாக ஜப்பானின் ஒக்கினாவாவில். இதைவிடப் பெரிய பிரிகேட் 30 நாட்களுக்கும், அதற்கும் மேலான படை 60 நாட்களுக்கும் உரிய பொருட்களோடு செல்லும் என்பது அவர்களுடைய கணக்கு. படையின் அளவு கூடக்கூட வயிற்றின் அளவும் கூட வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் அவர்களுடைய விமானங்களைவிட இந்தக் கணக்கே பெரியது.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அடித்தபோது, வளைகுடா நோக்கிப் போய்க்கொண்டிருந்த 15ஆவது யூனிட்டை வழியிலேயே திருப்பிச் சுமத்திராப் பக்கம் அனுப்ப முடிந்ததற்கும் காரணம் இதுதான். மூட்டை ஏற்கெனவே கட்டப்பட்டுக் கடலில் இருந்தது.

இனி, நான் நேரில் கண்ட இரண்டாவது சந்திப்புக்கு வருகிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டு வந்த வெள்ளம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பாலத்தைச் சிதைத்தது. இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் அங்கே 120 அடி நீளமான பெய்லி பாலம் ஒன்றை அமைத்தார்கள். ஏறத்தாழ 110 தொன் எடையுள்ள அதன் பகுதிகள் சி-17 சரக்கு விமானத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவை. வேலை நடந்த நாட்களில் இரண்டு முறை அங்கே போய் நின்று பார்த்தேன்.

பெய்லி பாலம் இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் வடிவமைத்தது. பத்தடி நீளமான இரும்புச் சட்டகம்தான் அதன் அடிப்படை. மூல வடிவமைப்பில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 260 கிலோகிராம், ஆறு பேர் தூக்கக்கூடிய பாரம். சட்டகத்தோடு சட்டகத்தைத் தடித்த ஆணியால் பூட்டி, உருளைகளின் மேல் வைத்து, முன்னால் பாரம் குறைந்த மூக்குப் பகுதி ஒன்றைப் பொருத்தி, இக்கரையிலிருந்தே அக்கரைக்குத் தள்ளுவார்கள். ஆற்றின் நடுவில் தூண் வேண்டியதில்லை. ஒரு படை தன் பாலத்தைத் தானே சுமந்து செல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த பொருள் இது. எங்களுடைய மதகுகளுக்கு மாதக்கணக்கில் சல்லியும் சீமெந்தும் எதிர்பார்த்துக் காத்திருந்த எனக்கு, ஆணி பூட்டப்படும் அந்தச் சுத்தியல் ஓசையைக் கேட்கும்போது உடல் சிலிர்த்தது.

இரண்டாம் நாள், சேறு படிந்த சீருடையோடு ஒருவர் என்னிடம் வந்தார். “அண்ணே, நீங்க இந்த ஊரா? பழைய ரோட்டுக்கு அடியில எந்தப் பக்கம் மண்ணு கெட்டி?” என்று தமிழிலேயே கேட்டார். திருவண்ணாமலைப் பக்கமாம். கிழக்குப் பக்கம் பழைய கற்கட்டு இருக்கிறது, மேற்குப் பக்கம் பின்னாளில் நிரப்பிய கிரவல் என்று சொன்னேன். அவர் அதை அப்படியே ஹிந்தியில் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி என்னை அழைத்து, தடியால் நிலத்தில் கீறிக் காட்டுமாறு கேட்டுக்கொண்டார். டிசம்பர் பிற்பகுதியில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் வந்திருந்தபோது அந்தப் பாலம் திறக்கப்பட்டது. நான் அதற்குப் போகவில்லை. அடுத்த நாள் நெல் லொறியொன்று ஏறி இறங்குவதைத்தான் போய்ப் பார்த்தேன்.

முள்ளியவளையிலிருந்து:

மேலே எழுதிய அண்ணா சொன்ன 15 நாட் கணக்கின் மறுபக்கத்தை நான் கண்டிருக்கிறேன். டுபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தில், கப்பல்களுக்கு உணவுப் பொருள் வழங்கும் நிறுவனம் ஒன்றின் களஞ்சியத்தில் ஐந்து ஆண்டுகள் வேலை செய்தேன். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் தங்கள் நாட்டுக்கு வெளியே மிக அதிகமாக வந்து போகும் துறைமுகம் அது.

மரைன் படையினரை ஏற்றிவரும் பெரிய கப்பலொன்று துறையில் கட்டப்பட்டால், எங்களுக்கு அன்றிரவு உறக்கமில்லை. அது 257 மீற்றர் நீளமானது. மேல்தளத்தில் ஹெலிகொப்டர்கள், பின்பக்கத்துக் கதவு திறந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து தரையிறங்கு கலங்கள் மிதந்து வெளியேறும் அமைப்பு. எங்கள் கண்களுக்குத் தெரிந்ததோ தக்காளிப் பெட்டிகளும் முட்டைத் தட்டுகளும் மட்டுமே. உலர் பொருட்கள் கெட்டுப்போகாது. கடலில் முதலில் தீர்ந்து போவது இலைக்கறியும் பழமும் என்பதால், லெட்யூஸ் கீரை வாடியிருந்தால் பெட்டிகள் அடுக்கிய முழுப் பலகையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டிகள் கப்பலின் பக்கக் கதவை அடைந்ததும், மரைன்களும் மாலுமிகளும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி உள்ளே அனுப்புவார்கள். கோவில் மடப்பள்ளிக்கு அரிசி மூட்டை கைமாறுவதைப் போலவே இருக்கும்.

வேறொரு விபரத்தையும் அங்கேதான் அறிந்தேன். உலகம் முழுவதையும் அமெரிக்கப் படையினர் பிராந்தியக் கட்டளையகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் ஹவாயிலுள்ள இந்தோ-பசிபிக் கட்டளையகத்தின் கீழ் வருகின்றன. பாகிஸ்தானும் வளைகுடாவும் புளோரிடாவிலுள்ள மத்திய கட்டளையகத்தின் கீழ். ஒரே கப்பல், ஒரே ஆட்கள். அரபிக்கடலில் ஒரு கோட்டைத் தாண்டியதும் பொறுப்பானவர் மாறிவிடுவார். மூன்று கப்பல்களும் எப்போதும் சேர்ந்தே செல்வதும் இல்லை. ஒன்று எங்கள் துறையில் நிற்கும்போது மற்றொன்று செங்கடலில் இருக்கலாம். இதற்கு மேலும், இந்து சமுத்திரத்தில் டியேகோ கார்சியாவில், படையினர் இல்லாமல் வாகனங்களையும் உபகரணங்களையும் மட்டும் ஏற்றிக்கொண்டு காத்து நிற்கும் கப்பல்கள் உண்டு. தேவை வரும்போது படையினர் விமானத்தில் வந்து அவற்றோடு சேர்ந்துகொள்வார்கள்.

ஒருமுறை பெட்டி எண்ணிக்கையில் எனக்கும் அவர்களுடைய களஞ்சியப் பொறுப்பாளருக்கும் பன்னிரண்டு பெட்டி வித்தியாசம் வந்தது. கப்பல் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். அவர் கையொப்பமிட மறுத்துவிட்டார். குளிரறைக்குள் இருவருமாகப் போய் மீண்டும் எண்ணினோம். பன்னிரண்டும் மற்றொரு தட்டுக்குப் பின்னால் இருந்தன. மூன்றரை மணிக்குக் கையொப்பமிட்டார்.