மென்மாத்திரை வேண்டாம், ‘மென்று விழுங்கும் மாத்திரை’ இருக்கட்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில், சூவபிள் டேப்லெட்டுக்கு, அதாவது பல்லால் மென்று சாப்பிடவேண்டிய மாத்திரைக்கு, ‘மென்மாத்திரை’ என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. மெல்லுதல் என்ற வினையிலிருந்து எடுத்தது, சரி. ஆனால் மென்பொருள், மென்பானம் என்று பழகிய கண் அதை மிருதுவான மாத்திரை என்றுதான் படிக்கும். மெல் என்ற வேரில் உள்ள சிக்கலே இதுதான். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரினை மெல்லச் சொல்வது, மருந்து சீக்கிரம் ரத்தத்தில் சேரவேண்டும் என்பதற்காக. அதையே ‘மெல்லக் கொடுங்கள்’ என்று எழுதிப் பாருங்கள், மெதுவாகக் கொடு என்று ஆகிவிடுகிறது! ‘மென்று’ என்ற எச்சத்துக்கு இந்தக் குழப்பம் கிடையாது. மெல்லுவதைத் தவிர அதற்கு வேறு பொருளே இல்லை.

இலங்கை நண்பர் சொன்ன ‘சப்பு மாத்திரை’ அவர் ஊருக்குச் சரி. யாழ்ப்பாணத்தில் ‘நல்லாச் சப்பிச் சாப்பிடு’ என்றால் மென்று தின்னச் சொல்வது. உறிஞ்சுவதற்குச் சூப்புதல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளையிடம் சப்பு என்றால் மிட்டாய் மாதிரி நாக்கில் ஒதுக்கிக்கொள்ளும், அப்புறம் கரையாத துண்டை அப்படியே விழுங்கிவிடும். குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் சின்னப் பிள்ளைக்குத் தொண்டையில் அடைத்துவிடக் கூடாது என்றுதான் மென்று தின்னச் சொல்கிறார்கள். இரண்டு கரையிலும் படிக்கப்போகிற மருந்து உறையில் சப்பு வேண்டாம்.

ஆகவே உறைக்கு ‘மென்று விழுங்கும் மாத்திரை’. நீளம் என்பீர்கள். இருக்கட்டும், பாட்டிக்கும் புரியும். எதிர்மறையும் தடையில்லாமல் வருகிறது: ‘மெல்லாமல் முழுதாக விழுங்கவும்’. பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையவேண்டிய மாத்திரையை மென்றுவிட்டால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். அங்கே இந்த வரி தெளிவாக இருந்தே ஆகவேண்டும்.

உடற்கூறியலில், மெல்லும் வேலையைச் செய்யும் தசைகளுக்கு மட்டும் சுருக்கமான சொல் தேவை. மெல்தசை என்றால் மிருதுவான தசை ஆகிவிடும் என்பதால் ‘சவைத்தசை’ என்கிறேன். சவைத்தல் நம் அகராதியில் உள்ளதுதான். மலையாளத்தில் இன்றும் அன்றாடச் சொல். கன்னத்தில் கைவைத்துப் பல்லைக் கடித்தால் புடைத்துக்கொண்டு வருகிறதே, அது ஒரு சவைத்தசை. நெற்றிப்பொட்டில் விரலை வைத்தால் இன்னொன்று தட்டுப்படும். மற்ற இரண்டு தாடைக்கு உள்பக்கம். பக்கத்துக்கு நான்காக இருக்கும் இவற்றை இயக்குவது ஐந்தாம் மூளை நரம்பு. நான்குக்கும் பொதுப்பெயராகச் சவைத்தசை பொருந்துகிறது.

அசைபோடுதல் என்ற சொல்லை மாட்டுக்கே விட்டுவிடுவோம், இரைப்பையிலிருந்து திரும்ப வாய்க்கு வந்ததை மெல்வது வேறு வேலை.

புகையிலைக்குத்தான் இன்னும் யோசிக்கவேண்டும். ‘மெல்லும் புகையிலை’ என்று எழுதுகிறார்கள். ஆனால் பலர் அதைக் கன்னத்தில் அடக்கிக் குதப்புகிறார்களே தவிர மெல்வதில்லை. ‘குதப்பும் புகையிலை’ என்றால் எச்சரிக்கைப் பலகையைப் படிப்பவருக்கு உடனே விளங்குமா? பல் மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.